லங்காவி லீமா விமானக் கண்காட்சி: தம்பினிலிருந்து போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

போர் விமானம் தலைக்கு மேல் சீறிப் பாய்வதை நேரில் பார்க்கும் ஆசை தோட்டத்துப் பிள்ளைக்கும் உண்டு, பட்டணத்துப் பிள்ளைக்கும் உண்டு. நம் நாட்டில் அதற்குள்ள மிகப் பெரிய வாய்ப்பு லீமா எனப்படும் லங்காவி அனைத்துலகக் கடல்சார், வான்வெளிக் கண்காட்சி. ஐந்து நாள் நடக்கும் இதற்குத் தம்பின் வட்டாரத்திலிருந்து போக ரயில், பெர்ரி, தங்கும் அறை, வேலையில் விடுப்பு என்று பலவும் வேண்டும். ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு இதில் போய்விடும். அவ்வளவு செலவு செய்தும் நாள் தவறிப் போய் வாசலில் நிற்கக்கூடாது. வெயிலில் யாரும் மயங்கி விழவும் கூடாது. அதற்கான விவரங்களைக் கீழே தொகுத்திருக்கிறோம்.

லீமா என்றால் என்ன?

1991-இல் தொடங்கிய லீமா, ஈராண்டுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டுகளில் நடைபெறுகிறது. 2019-இல் மார்ச் 26 முதல் 30 வரை நடந்தது. கோவிட் தொற்றால் 2021-இல் நடைபெறவில்லை. பிறகு 2023-இல் மே 23 முதல் 27 வரையிலும், 2025-இல் மே 20 முதல் 24 வரையிலும் நடந்தது.

அடிப்படையில் இது ஒரு சந்தை. அரசாங்கங்களும் நிறுவனங்களும் விமானம், கப்பல், ஆயுதம் வாங்க, விற்கக் கூடும் இடம். தென்கொரியாவிடமிருந்து 18 எஃப்ஏ-50 விமானங்கள் வாங்கும் ஒப்பந்தம் 2023 லீமாவில்தான் பரிமாறிக்கொள்ளப்பட்டது. விமானப் பகுதி, பாடாங் மாட்சிராட்டில் லங்காவி விமான நிலையத்தை ஒட்டியுள்ள மஹ்சூரி அனைத்துலகக் கண்காட்சி மையத்தில் நடக்கும். கப்பல் பகுதி அங்கிருந்து தள்ளி, கடலோரத்தில் இருக்கும்.

எந்த நாள் போவது?

வழக்கமாக முதல் மூன்று நாள் வணிகர்களுக்கும் அதிகாரிகளுக்கும். கடைசி இரண்டு நாள் பொதுமக்களுக்கு. கண்காட்சி செவ்வாயன்று தொடங்கிச் சனியன்று முடிவதால், பொதுமக்கள் நாள் வெள்ளியும் சனியுமாக அமைகிறது. கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி என்பதால் அங்குள்ளவர்களுக்கு இது வசதி. நெகிரி செம்பிலானில் வெள்ளிக்கிழமை வேலை நாள், பள்ளி நாள். சனிக்கிழமையும் மரம் சீவப் போகும் குடும்பங்கள் உண்டு. ஆகவே விடுப்புக் கணக்கை முதலில் போடுங்கள்.

சனிக்கிழமை மட்டும் பார்ப்பதானால் வெள்ளியன்று பயணம், சனியன்று கண்காட்சி, ஞாயிறன்று வீடு. வெள்ளிக்கு ஒரு நாள் விடுப்பு போதும். இரண்டு நாளும் பார்ப்பதானால் வியாழனே கிளம்ப வேண்டும். இரண்டு நாள் விடுப்பு. சனிக்கிழமை வேலையுள்ளவர்கள் இரண்டு கணக்கிலும் இன்னொரு நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள். நுழைவு விதி, பதிவு, கட்டணம் ஆகியவை ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. ஏற்பாட்டாளர்களின் அதிகாரப்பூர்வ அறிவிப்பைப் பார்த்த பிறகே டிக்கெட் எடுங்கள்.

வணிக நாள்களிலும் விமானங்கள் பறக்கும். தொடக்கத்துக்கு முந்திய நாள்களில் ஒத்திகையும் உண்டு. உள்ளே போக முடியாதவர்கள் விமான நிலையத்துக்கு அருகிலுள்ள கடற்கரைகளில் நின்று இவற்றைப் பார்க்கிறார்கள். ஆனால் ஒத்திகையும் ஆபத்தில்லாதது அல்ல. 2015 மார்ச் 15-இல், தொடக்கத்துக்கு இரண்டு நாள் முன்பு, இந்தோனேசியாவின் ஜூப்பிட்டர் சாகசக் குழு விமானங்கள் இரண்டு வானில் மோதின. நான்கு விமானிகளும் வெளியே குதித்துப் பாராசூட்டில் உயிர் தப்பினர். சிதைந்த விமானங்கள் குடியிருப்புப் பகுதியில் விழுந்தன. எங்கே நின்றாலும் போலீஸ் கட்டிய கயிற்றைத் தாண்டாதீர்கள்.

பயண வழி

தம்பினுக்குப் பக்கத்திலேயே புலாவ் செபாங்/தம்பின் நிலையத்தில் இ.டி.எஸ். ரயில் நிற்கிறது. வடக்கே அலோர்ஸ்டார் அல்லது ஆராவ் வரை போகலாம். நேர் ரயில் கிடைக்காவிட்டால் கே.எல். சென்ட்ரலில் மாற வேண்டும். அலோர்ஸ்டாரில் இறங்கினால் கோல கெடா படகுத்துறை. ஆராவில் இறங்கினால் கோல பெர்லிஸ் படகுத்துறை. கோல பெர்லிஸிலிருந்து பெர்ரிப் பயணம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். கோல கெடாவிலிருந்து இன்னும் சற்று அதிகம். இரண்டும் லங்காவியின் குவா படகுத்துறைக்கே வரும். அங்கிருந்து கண்காட்சி இடம் தீவின் மறுபக்கம். காரிலோ டாக்சியிலோதான் போக வேண்டும்.

பெர்ரிகள் பகலில்தான் ஓடும். கண்காட்சி முடிந்த அன்று மாலையே கடைசி பெர்ரியைப் பிடித்துவிடலாம் என்று திட்டமிட வேண்டாம். சாலை நெரிசலில் அது தப்பிவிடும். அறை, ரயில், பெர்ரி மூன்றையும் தேதி அறிவித்தவுடன் பதிவு செய்யுங்கள். அந்த வாரத்தில் தீவில் அறை கிடைப்பது கஷ்டம், விலையும் ஏறிவிடும்.

எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது?

நமது அரச மலேசிய ஆகாயப் படையின் சுகோய் எஸ்.யு-30 எம்.கே.எம்., எஃப்/ஏ-18டி ஹார்னெட், ஏ400எம் போக்குவரத்து விமானம் ஆகியவை ரசிகர்கள் எதிர்பார்ப்பவை. சுகோயின் இயந்திரப் புகைவாயைத் திசை திருப்ப முடியும். அதனால்தான் அவ்வளவு பெரிய விமானம் சிறிய வட்டத்தில் திரும்புகிறது. 2019-இல் இந்திய ஆகாயப் படையின் தேஜஸ் விமானமும் இங்கே பறந்தது.

சத்தம் வரும் திசையில் விமானத்தைத் தேடாதீர்கள். ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள விமானத்தின் ஒலி நம்மை அடைய 9 நொடி ஆகும். அதற்குள் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் முன்னே போயிருக்கும். ஆகவே சத்தத்துக்கு முன்னால் பாருங்கள். திடீரென வளையும்போது இறக்கையின் மேல் தோன்றும் வெண்மேகம் புகையல்ல. அங்கே காற்றழுத்தம் குறைந்து காற்று குளிர்வதால் ஈரப்பதம் நீர்த்துளிகளாக மாறுகிறது. சாகசக் குழுக்கள் விடும் கோடுகளோ, சூடான புகைவாயில் எண்ணெய் செலுத்தி உண்டாக்கப்படுபவை.

கேமரா வைத்திருப்பவர்கள் ஜெட் விமானத்துக்கு ஆயிரத்தில் ஒரு நொடி அல்லது அதைவிடக் குறைந்த ஷட்டர் நேரம் வைக்கலாம். காற்றாடி விமானத்துக்கும் ஹெலிகாப்டருக்கும் 250-இல் ஒரு நொடி போதும். அப்போதுதான் காற்றாடி சுழல்வது படத்தில் தெரியும். கைத்தொலைபேசியில் படத்தைவிட வீடியோ நன்றாக வரும். ட்ரோன் கொண்டு போகவே வேண்டாம். சிறு பிள்ளைகளுக்குக் காது மூடி கட்டாயம் வேண்டும்.

வெயிலும் கூட்டமும்

2024 அக்டோபர் 6-இல் சென்னை மெரினாவில் இந்திய ஆகாயப் படை நடத்திய சாகச நிகழ்ச்சிக்குப் பல இலட்சம் பேர் திரண்டனர். நிகழ்ச்சி நண்பகல் வெயிலில் நடந்தது. விமானங்களால் யாருக்கும் ஆபத்து வரவில்லை. ஆனால் ஐந்து பேர் உயிரிழந்தனர். பலர் மயங்கி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். வெயில், தண்ணீர் கிடைக்காமை, நெரிசல், நிகழ்ச்சி முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியேறியது ஆகியவை பெரிதாகப் பேசப்பட்டன. லங்காவியின் வெயிலும் சளைத்ததல்ல. அதனால்:

- ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது கணக்கு வையுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அடிக்கடி குடியுங்கள்.
- தொப்பி, வெளிர்நிறப் பருத்தி உடை அணியுங்கள். காலையில் சாப்பிடாமல் போகாதீர்கள்.
- இரத்த அழுத்தம், நீரிழிவு, இருதய நோய் உள்ள பெரியவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தைக் கையோடு கொண்டு போங்கள்.
- உள்ளே போனதும் முதலுதவிக் கூடாரம் எங்கே என்று பார்த்து வையுங்கள். பிள்ளையின் சட்டைப் பையில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதி வையுங்கள்.
- ஒருவர் உளறினாலும், கூப்பிட்டால் பதில் சொல்லாவிட்டாலும், உடல் கொதித்தாலும் அது வெறும் களைப்பல்ல. நிழலுக்குக் கொண்டுபோய், உடலை நீரால் நனைத்து விசிறுங்கள், 999-ஐ அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.
- கடைசி விமானம் இறங்கியதும் ஓடாதீர்கள். முக்கால் மணி நேரம் நிழலில் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினால் நெரிசல் தணிந்திருக்கும்.

லங்காவி போக முடியாதவர்களுக்கு

சிங்கப்பூர் விமானக் கண்காட்சி 2008 முதல் இரட்டைப்படை ஆண்டுகளில் பிப்ரவரி மாதம் சாங்கியில் நடக்கிறது. 2024-இல் பிப்ரவரி 20 முதல் 25 வரை நடந்தது. பொதுமக்கள் நாள் சனி, ஞாயிறு என்பதால் நமக்கு விடுப்புச் செலவு குறைவு, தூரமும் குறைவு. ஆனால் கடப்பிதழ் வேண்டும், டிக்கெட்டைச் சிங்கப்பூர் வெள்ளியில் வாங்க வேண்டும். செலவே இல்லாமல் பார்க்க விரும்புவோருக்கு ஆகஸ்டு 31 தேசிய தின அணிவகுப்பின் விமான அணி இருக்கிறது. அது பொது விடுமுறை நாளும்கூட.

பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு

வானில் பறப்பதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். தரையில் நிறுத்திவைத்திருக்கும் விமானங்களின் அருகே விமானிகளும் பழுதுபார்ப்போரும் நிற்பார்கள். காலையில் கூட்டம் குறைவாக இருக்கும்போது பிள்ளையை அங்கே அழைத்துப் போய், அவர்கள் என்ன படித்தார்கள், எந்தப் பாடத்தில் கவனம் வேண்டும் என்று பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள். ஒரு விமானம் பறக்க விமானி மட்டும் போதாது. இயந்திரம், மின்னணு, உலோகத் தகடு வேலை என்று பல கைகள் வேண்டும். டிங்கிலில் உள்ள யுனிகேஎல் மலேசிய விமானத் தொழில்நுட்பக் கழகம் போன்ற இடங்களில் இந்தப் படிப்புகள் உண்டு. படிவம் நான்கில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இதைத் தெரிந்துகொள்ளும் பிள்ளைக்குக் கணிதத்தையும் பௌதிகத்தையும் விட்டுவிடாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்துவிடும்.