படிப்பு, பட்டம், பணியிடம்: ஒரு நூறாண்டுக் கணக்கு

'படித்தால் வேலை கிடைக்கும்' என்கிற நம்பிக்கை இந்த நாட்டில் எல்லோருக்கும் ஒரே காலத்தில் வரவில்லை. அக்கிரகாரத்துக்கு அது 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. பிறகு ஊருக்கு வந்தது. சேரிக்கு வந்து சேர்ந்தபோது காலம் வெகுவாகக் கடந்திருந்தது. வந்த வழியும் வேறு. இன்றைக்கு 'பட்டம் வாங்கி என்ன பிரயோசனம்?' என்று எல்லாப் பக்கமும் கேட்கிறார்கள். நாம் பதில் சொல்வதற்கு முன், நமக்கு வேலை வாங்கித் தந்தது பட்டம்தானா என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1893இல் காங்கிரஸ்காரர்கள் வைத்த கோரிக்கை ஒன்று. ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் மட்டும் நடத்தாதே, இந்தியாவிலும் நடத்து என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. இரட்டைமலை சீனிவாசன் அதை எதிர்த்தார். அவர் 'பறையன்' இதழைத் தொடங்கிய ஆண்டும் அதுதான். 3,412 பேரிடம் கையெழுத்து வாங்கி, 112 அடி நீள மனுவை பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். வெள்ளைக்காரனுக்கு வால் பிடித்தவர் என்று இதை வைத்து அவரை ஏசுகிறவர்கள் உண்டு. இங்கே தேர்வு வைத்தால் தேறப் போகிறவன் யார், அவன் அதிகாரியாக வந்து உட்கார்ந்தால் நம் சனங்களின் கதி என்ன என்பதுதான் அவருடைய கவலை. சென்னை அடையாறில் ஆல்காட் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறந்ததே அடுத்த ஆண்டு, 1894இல்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கவே பள்ளிக்கூடம் இல்லாதவர்களிடம் வந்து 'திறந்த போட்டி' என்றால் அதற்கு என்ன பொருள்?

சரி, படித்தே விட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அண்ணல் அம்பேத்கரை விடவா ஒருவர் படித்துவிட முடியும்? கொலம்பியாவில் எம்.ஏ. முடித்து, லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தானத்துக்கு வேலைக்கு வந்தார். வேலை இருந்தது, தங்க இடம் இல்லை. பார்சி விடுதி ஒன்றில் பெயரை மறைத்துத் தங்கினார். பதினோராம் நாள் தடிக்கம்புகளோடு பத்துப் பன்னிரண்டு பேர் வந்து வெளியே போகச் சொன்னார்கள். ரயில் வரும்வரை பூங்காவில் உட்கார்ந்திருந்து பம்பாய்க்குத் திரும்பினார். அவர் கையிலிருந்த பட்டத்தால் ஒரு அறையைக்கூட வாங்கித் தர முடியவில்லை.

தமிழ்நாட்டில் கதவு திறந்தது அரசாணையால். 1921இல் நீதிக்கட்சி ஆட்சியில் வகுப்புவாரி ஆணை வந்தது. ஏட்டில் கிடந்த அதை 1928இல் முத்தையா முதலியார் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பன்னிரண்டு பணியிடம் என்றால் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் கிறித்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1. பன்னிரண்டில் ஒன்று! 1947இல் அது பதினான்கில் இரண்டு ஆயிற்று. அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில், 1943இல், மத்திய அரசுப் பணியிலும் 8.33 சதவீதம் கிடைத்தது. அடுத்த ஆண்டே கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகையும் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1971இல் 16 சதவீதம் 18 ஆனது. 1969இல் வங்கிகள் நாட்டுடைமையாகிப் பிறகு வங்கி வாசலும் திறந்தது.

நம் காலனிகளில் முதல் வாத்தியார், முதல் கிளார்க், முதல் பேங்க்காரர் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து வந்தவர்கள்தான். ஒருவருக்கு வேலைக்கான 'கார்டு' வந்தால் குடிசை கல்வீடாகும். தம்பி தங்கை படிப்பார்கள். பண்ணையில் பட்ட கடன் அடையும். "உம் மவன் பெரிய கலெக்டராவப் போறானா?" என்று கேட்ட அதே ஆண்டை, கையெழுத்து வாங்க அவனிடமே வந்து நிற்க வேண்டியதாயிற்று. அதற்குப் பட்டம் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் பட்டத்தைச் சம்பளமாக மாற்றித் தந்தது இனச்சுழற்சிப் பட்டியல். அப்போதும் மேல்பதவி என்று வந்தால் 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று இடத்தைக் காலியாகப் போட்டார்கள். துப்புரவுப் பணியில் மட்டும் நம் ஒதுக்கீடு எப்போதும் நிரம்பி வழிந்தது.

1991க்குப் பிறகு இட ஒதுக்கீட்டை யாரும் ஒழிக்கவில்லை. அது எதன்மேல் நின்றதோ அந்தப் பணியிடத்தை ஒழித்தார்கள். தமிழக அரசு 2001 கடைசியில் புதிய நியமனங்களுக்குத் தடை போட்டது. 2006 வரை அது நீடித்தது. அந்த ஐந்து வருடத்தில் வயது கடந்துபோனவர்களுக்கு யார் பதில் சொன்னார்கள்? நிரந்தர வேலைகள் ஒப்பந்தத்துக்குப் போயின. பொதுத்துறையை விற்றால் அதோடு இனச்சுழற்சியும் போய்விடுகிறது. 2022இல் ஏர் இந்தியா டாடாவின் கைக்குப் போனபோது இதுதான் நடந்தது. கல்லூரி வேலையிலும் இதே கதை. கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று 2019இல் பல்கலைக்கழக மானியக் குழு சொன்னபோது, தமிழக அரசுக் கல்லூரிகள் கொடுத்தது 15,000. பேரில் மட்டும்தான் கௌரவம்.

மிச்சமிருக்கிற அரசு வேலைக்கு என்ன நெரிசல் என்று பாருங்கள். 2024இல் குரூப் 4 தேர்வுக்கு 6,244 இடம். விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பத்தாம் வகுப்பு போதும் என்கிற வேலைக்குப் பட்டதாரிகள் வரிசையில் நிற்கிறார்கள். 2019இல் கோவை மாநகராட்சி 549 துப்புரவுப் பணியாளர்களை எடுக்க முன்வந்தபோது சுமார் 7,000 பேர் வந்தார்கள். பொறியியல் படித்தவர்களும் அதில் இருந்தார்கள். அதே குப்பையைப் பத்து வருடமாக ஒப்பந்தத்தில் அள்ளிக்கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள். நாற்றத்தை மட்டும் நமக்கென்று விட்டுவைத்தவர்கள், நிரந்தரச் சம்பளம் என்றதும் அதைப் போட்டிக்கு விட்டார்கள்.

தனியாரிடம் போகலாமே என்கிறார்கள். சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள். படிப்பும் தகுதியும் ஒன்று, பெயர் மட்டும் வேறு வேறு. உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு 100 என்றால், தலித் பெயருக்கு 67. நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லை என்று மார்தட்டிக்கொள்ளலாம். "எந்த ஊரு தம்பி? ஊர்லயா, காலனியிலயா? அப்பா என்ன பண்றாரு?" என்று மூன்று கேள்வியில் அதைத் தெரிந்துகொள்ள இவர்களுக்குத் தெரியும்.

அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் 2023 அறிக்கை இன்னொரு விஷயம் சொல்கிறது. 25 வயதுக்குட்பட்ட பட்டதாரிகளில் வேலையின்மை 42 சதவீதம். 35 வயதைத் தாண்டியவர்களிடம் 5 சதவீதத்துக்கும் குறைவு. அப்படியானால் பட்டதாரிக்கு வேலை எப்படியும் கிடைத்துவிடும், காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். பத்து வருடம் காத்திருக்க யாரால் முடியும்? நிலம் வைத்திருப்பவனால் முடியும், கடை வைத்திருப்பவனால் முடியும். நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவின் கூலியில் பி.எஸ்சி. முடித்த பிள்ளையால் முடியாது. அவன் ஆறாவது மாதமே பெயின்ட் அடிக்கவோ டெலிவரிக்கோ போயாக வேண்டும். அவனும் அந்தக் கணக்கில் 'வேலை கிடைத்தவன்'தான்.

இந்த நேரத்தில்தான் பழைய குரல் ஒன்று புதிதாகக் கேட்கிறது: "எல்லாரும் டிகிரி படிச்சு என்ன ஆவப் போவுது? கைத்தொழில் கத்துக்கிட்டா பொழச்சுக்கலாம்." 1953இல் ராஜாஜி அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்று சொன்னதும் இதைத்தான். தமிழ்நாடு கொதித்தெழுந்து அடுத்த ஆண்டே அதைத் தூக்கியெறிந்தது. இதைச் சொல்கிறவர்கள் யாரும் தங்கள் பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்திக்கொள்ளவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆகவே, நம் பிள்ளைகளைப் பார்த்து 'படிச்சு என்னத்தக் கிழிச்ச?' என்று வீட்டுக்குள்ளேயே கேட்பதை முதலில் நிறுத்துவோம். அவர்கள் படித்தது வீணில்லை, அந்தப் படிப்புக்கு உரிய இடத்தை எடுத்துக்கொண்டார்கள். கேட்க வேண்டிய இடம் வேறு. நிரப்பாமல் கிடக்கும் பின்னடைவுப் பணியிடங்கள் துறைவாரியாக எத்தனை? ஒப்பந்த நியமனத்தில் இனச்சுழற்சி ஏன் இல்லை? 2005இல் செய்த 93ஆவது அரசியல் சட்டத் திருத்தம், தனியார் கல்லூரி இடங்களில் ஒதுக்கீட்டுக்கு வழி செய்தது. படிக்கத் தனியார் வாசலில் நுழையலாம், வேலைக்கு மட்டும் நுழையக் கூடாதா? 2002இல் போபால் பிரகடனம் தனியார் துறையிலும் பங்கு கேட்டது. அந்தக் கோரிக்கை இன்னும் கோப்பில்தான் கிடக்கிறது. அதைத் தூசு தட்டி எடுக்கும் வேலைக்குப் படித்த பிள்ளைகள் நம்மிடம் இப்போது நிறையவே இருக்கிறார்கள்.