நத்தாருக்கு எதிரான யுத்தம்: தொடுத்தவர் யார்?

டிசெம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் வாழும் நம்மவர்களின் காதில் ஒரு குற்றச்சாட்டு விழத் தவறுவதில்லை. 'மெரி கிறிஸ்மஸ்' என்று வாழ்த்தவேண்டிய இடத்தில் 'ஹப்பி ஹொலிடேஸ்' என்கிறார்கள். மாற்று மதத்தவர் மனம் கோணக்கூடாது என்பதற்காகக் கிறிஸ்துவின் பிறப்பையே மறைக்கிறார்கள் என்பதே அது. குடியேறி வாழும் சமூகங்களின் மீது சந்தேகத்தைத் திருப்பிவிடும் குற்றச்சாட்டு என்பதால் அதன் வரலாற்றை நாம் அறிந்திருப்பது நல்லது.

அந்நாடுகளில் நத்தார் உண்மையாகவே தடைசெய்யப்பட்ட காலம் ஒன்று இருந்தது. தடைசெய்தவர்கள் கிறிஸ்தவர்களே. 1647 இல் பியூரிட்டன்களின் செல்வாக்கிற்கு உட்பட்டிருந்த இங்கிலாந்துப் பாராளுமன்றம் நத்தார், உயிர்த்த ஞாயிறு முதலிய பண்டிகைகளை ஒழித்தது. வேதாகமத்தில் இப்பண்டிகைக்கு ஆதாரமில்லை, எஞ்சுவது குடியும் கும்மாளமுமே என்பது அவர்களது வாதம். அவ்வாண்டு நத்தார் தினத்தில் கடைகளைத் திறக்குமாறு வற்புறுத்தப்பட்டதால் கன்டர்பரி நகரில் கலகம் மூண்டது. 1660 இல் மன்னராட்சி மீண்டபோதே பண்டிகைக்கு மீண்டும் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. அத்திலாந்திக்கின் மறுகரையில், மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1659 இல் நத்தார் கொண்டாடுவோருக்கு ஐந்து சில்லிங் தண்டம் விதித்தது. அச்சட்டம் 1681 வரை நீடித்தது.

பிற்காலக் குற்றச்சாட்டுகளின் கதை வேறு. 1920களின் தொடக்கத்தில், மோட்டார் வாகன அதிபர் ஹென்றி போர்ட் தமது பத்திரிகையில் வெளியிட்ட யூத எதிர்ப்புக் கட்டுரைகள், நத்தார் வாழ்த்து அட்டைகளில் கிறிஸ்து பிறப்பின் அடையாளமே இல்லையெனக் குறைகூறிப் பழியை யூதர் மீது போட்டன. 1959 இல் ஜோன் பேர்ச் சங்கம், கடைகளின் நத்தார் அலங்காரங்களை அகற்றி ஐக்கிய நாடுகள் சபையின் சின்னங்களைப் புகுத்தக் கம்யூனிஸ்டுகள் சதிசெய்வதாகத் துண்டுப்பிரசுரம் வெளியிட்டது. 2004 இல் பொக்ஸ் தொலைக்காட்சியில் பில் ஓ'ரெய்லியும், 2005 இல் நூலொன்றின் மூலம் ஜோன் கிப்சனும் தாராளவாதிகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினர். எதிரியின் பெயர் மாறியது. கடையும் வாழ்த்து அட்டையும் மாறாத சான்றுகளாகத் தொடர்ந்தன.

பிரித்தானியாவின் 'விண்டர்வல்' கதை பத்திரிகையாளர்கள் கவனிக்கவேண்டியது. 1997, 1998 ஆம் ஆண்டுகளில் பேர்மிங்ஹாம் மாநகர சபை, குளிர்காலத்தில் நகர மையத்திற்கு மக்களை ஈர்ப்பதற்காகப் பல நிகழ்ச்சிகளை ஒரே பெயரில் விளம்பரம் செய்தது. நத்தார் அவற்றின் நடுநாயகமாகவே விளங்கியது. ஆயினும் நத்தாரின் பெயரையே மாற்றிவிட்டார்கள் என்ற செய்தி ஆண்டுதோறும் அச்சேறியது. அது நத்தாருக்கு மாற்றாக வைக்கப்பட்ட பெயரல்ல என்று டெய்லி மெயில் திருத்தம் வெளியிட்டது 2011 இல்தான்.

'ஹப்பி ஹொலிடேஸ்' என்பதும் நேற்று முளைத்ததல்ல. 'ஹொலிடே' என்ற சொல்லின் மூலமே 'புனித நாள்' என்பதாகும். 1942 இல் வெளிவந்த 'ஹொலிடே இன்' திரைப்படத்திற்கு 'ஹப்பி ஹொலிடே' பாடலையும், உலகமே பாடும் 'வைட் கிறிஸ்மஸ்' பாடலையும் எழுதியவர் ரஷ்யப் பேரரசிலிருந்து குடியேறிய யூதரான இர்விங் பேர்லின். நத்தாரைப் பறிப்பவர்கள் எனப் போர்ட்டின் பத்திரிகை பழித்த இனத்தவர் அவர். 1953 இல் ஜனாதிபதி ஐசன்ஹவரின் வெள்ளை மாளிகை அட்டையிலும் 'சீசன்ஸ் கிரீட்டிங்ஸ்' என்ற பொது வாழ்த்தே இருந்தது.

அரச கட்டடங்களில் பாலன் குடில் வைக்கலாமா என்பது உண்மையான சட்டப் பிரச்சினை. 1984 இல் ஒரு குடிலை அனுமதித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989 இல் வேறொன்றை மறுத்தது. ஆனால், கடைச் சிப்பந்தியின் வாயிலிருந்து வரும் வாழ்த்து அரசின் கட்டளையன்று. பல மதத்தவர் வந்துபோகும் இடத்தில் எவரையும் விட்டுவிடாமல் வாழ்த்துவது அடிப்படையில் ஒரு மரியாதை. அந்த மரியாதையைப் படையெடுப்பாகச் சித்திரிப்பவர்கள், அடுத்து எந்தச் சமூகத்தை எதிரியென்று பெயரிடுகிறார்கள் என்பதையே நாம் விழிப்புடன் கவனிக்கவேண்டும்.