சிறாரும் சதுரங்கமும்

சோழ நாட்டில், மன்னார்குடியை அடுத்த திருப்பூவனூரில் எழுந்தருளியுள்ள இறைவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்பது திருநாமம். மன்னன் மகளாக வளர்ந்த அம்மை சதுரங்கத்தில் தன்னிகரற்று விளங்கினாள் என்றும், இறைவன் சித்தராக வந்து அவளை ஆட்டத்தில் வென்று மணந்தார் என்றும் தலபுராணம் கூறும். புராணச் செய்தியை நாம் வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. எனினும், இளம்பருவத்தினர் இவ்வாட்டத்தில் தேர்தலைப் பெருமையாகவே போற்றியது நம் மரபு என்பது அதனால் விளங்கும்.

இக்கதையை நமக்கு நினைவூட்டியது, மும்பை மாநகரில் நம் சங்கம் ஞாயிறுதோறும் நடத்திவரும் சிறுவர் சதுரங்க வகுப்பு. அண்மையில் ஒரு மாலை, ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் நான்கே நகர்த்தல்களில் அரசனை இழந்து தேம்பி அழுதான். உடன் வந்த தந்தையார், “ஆறு மாதமாயிற்று, இன்னும் ஒரு பரிசும் வரவில்லையே” என்று வருந்தினார். அடுத்த வாரம் அவன் வரவில்லை. வெறுமையாயிருந்த அவன் நாற்காலியைக் கண்டபோது, குழந்தைகட்கு இவ்வாட்டத்தின் சூழ்ச்சித் திறனை முன்னோர் எவ்வாறு கற்பித்தனர், நாம் எவ்வாறு கற்பிக்கின்றோம் என்னும் வினா நம் உள்ளத்தில் எழுந்தது. அதற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

சதுரங்கம் பாரதத்தில் தோன்றியது என்பதை அறிஞர் பெரும்பாலோர் ஒப்புவர். 7-ஆம் நூற்றாண்டில் பாணர் இயற்றிய ஹர்ஷசரிதத்தில் இதனைப் பற்றிய குறிப்பு உண்டு. யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையே இப்பெயருக்குக் காரணம். இங்கிருந்து பாரசீகம் சென்று, அரபு நாடுகளில் ‘ஷத்ரஞ்ச்’ எனப் பெயர் பெற்று, ஐரோப்பாவை அடைந்தது இவ்வாட்டம். அங்கே, அமைச்சரின் இடத்தைப் பெற்ற ராணி 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேராற்றல் எய்தவே, ஆட்டமும் விரைவு பெற்றது. நம் நாட்டிலோ, காலாள் தொடக்கத்திலும் ஒரே கட்டம் நகர்தல் முதலிய வேறு விதிகள் நெடுங்காலம் வழங்கிவந்தன.

விதிகள் மாறினும் கற்பிக்கும் முறையில் ஒரு தொடர்ச்சியைக் காண்கிறோம். 9, 10-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அல்-அத்லி, அஸ்-ஸூலி முதலிய அரபு வல்லுநர், ‘மன்சூபா’ எனப்படும் நிலைகளைத் தொகுத்தனர். பலகையில் காய்களைக் குறித்த இடங்களில் நிறுத்தி, “இதனை எவ்வாறு வெல்வாய்?” என்று வினவுவதே மன்சூபா. விடையைச் சொல்லிக் கொடாது தேடச் செய்வது அதன் சிறப்பு.

இவ்வரிசையில் நாம் பெருமையுடன் குறிக்கத்தக்க நூல் ஒன்று 1814-ஆம் ஆண்டில் இதே பம்பாயில் அச்சேறியது. தென்னாட்டுப் பெயர் தாங்கிய திருவேங்கடாசாரிய சாஸ்திரி, வடமொழியிலிருந்த சதுரங்க நிலைகளை ஐரோப்பிய முறைக்கு ஏற்பத் திருத்தி, ஆங்கிலத்தில் வெளியிட்டார். கற்போரின் திறனை வளர்த்தலும் நினைவாற்றலைப் பயிற்றலும் அந்நிலைகளின் நோக்கம் என்று நூலின் முகப்பே அறிவிக்கின்றது. இந்நகரில் சதுரங்கம் பயிற்ற முனைந்த நாம், இரண்டு நூற்றாண்டுகட்கு முன்னரே நமக்கு வழிகாட்டியவர் ஒருவர் இருந்தார் என்பதை அறியாதிருந்தோம்!

பஞ்சாபில் பிறந்த மீர் சுல்தான்கான் ஒன்பது வயதில் தந்தையிடம் நம் நாட்டு முறையில் ஆடக் கற்றவர். 1929-இல் இங்கிலாந்து சென்று, அவ்வாண்டே பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை வென்றார். 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் வென்றார். முன்னாள் உலகச் சாம்பியன் கபபிளாங்காவும் அவரிடம் ஒருமுறை தோற்றார். ஐரோப்பியத் தொடக்க முறைகளில் அவருக்குப் பயிற்சி குறைவு. காய்கள் குறைந்து ஆட்டம் இறுதியை நெருங்கும்போதோ அவர் திறன் ஒளிவிட்டது. 2024-இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு, மறைந்த அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது.

நான்கு வயதில் தந்தையின் ஆட்டத்தைப் பார்த்தே கற்றவர் என்று கூறப்படும் கபபிளாங்காவும், 1921-இல் வெளியிட்ட தம் பாடநூலை எளிய முடிவுநிலைகளிலிருந்தே தொடங்குகிறார். முடிவிலிருந்து தொடங்குவானேன்? முப்பத்திரண்டு காய்களும் நிற்கும்போது குழந்தையின் கண் எங்கு நோக்கும்? இரண்டு அரசரும் ஒரு காலாளும் மட்டும் நின்றால் காரணமும் காரியமும் தெளிவாகப் புலப்படும்.

ஒரு சான்று காண்போம். காலாள் கடைசி வரிசையை அடைய மூன்று கட்டங்கள் எஞ்சியுள்ளன என்க. அது நிற்கும் கட்டத்தையும் கடைசிக் கட்டத்தையும் உள்ளடக்கி, நான்கு கட்ட நீளமும் நான்கு கட்ட அகலமும் உடைய ஒரு சதுரத்தை மனத்தில் வரைக. எதிரியின் அரசன் தன் முறை வரும்போது அச்சதுரத்துள் புக முடிந்தால் காலாளைப் பிடித்துவிடுவான். முடியாவிடின், காலாள் ராணியாகிவிடும். இதனைத் தானே கண்டுகொண்ட குழந்தையின் முகமலர்ச்சிக்கு எப்பரிசு ஈடாகும்? அவ்வாறே, இரண்டு அரசரும் இடையே ஒரு கட்டம் விட்டு எதிரெதிரே நிற்பின், நகர வேண்டியவனே வழிவிட நேரும். காத்திருத்தலும் ஓர் ஆற்றல் என்பதை இதனினும் எளிதாக உணர்த்தல் அரிது. இவை கைவந்த பின்னரே நடுக்கட்டங்களைக் கைக்கொள்ளல், காய்களை விரைந்து வெளிக்கொணர்தல், அரசனைக் காத்தல் என்னும் தொடக்க நெறிகளைப் புகட்டல் பொருந்தும்.

சோவியத் நாட்டில் இப்பணி பெரிய அளவில் நடந்தது. 1937-இல் லெனின்கிராடில் தொடங்கிய இளம் முன்னோடிகள் மாளிகையில் விளாதிமிர் ஸாக் என்னும் ஆசிரியரிடம் பயின்ற ஸ்பாஸ்கி, 1969-இல் உலகச் சாம்பியன் ஆனார். 1963-இல் போத்வின்னிக் தொடங்கிய பள்ளியில், மாணவர் தம் ஆட்டங்களைத் தாமே ஆராய்ந்து குறிப்பெழுதி வரவேண்டும். தோற்ற ஆட்டத்தையே பாடமாக்குவது அம்முறை.

அந்நாட்டின் தொடர்பு சென்னைக்கும் பயன் தந்தது. 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன், 1972-இல் சோவியத் பண்பாட்டு நிலையத்தில் தால் சதுரங்கக் கழகத்தைத் தோற்றுவித்தார். அங்கே ஆடி வளர்ந்த மயிலாடுதுறைச் சிறுவனே விசுவநாதன் ஆனந்த். ஆறு வயதில் அவருக்கு ஆட்டம் கற்பித்தவர் அன்னையார் சுசீலா அம்மையார். குடும்பம் மணிலாவில் இருந்தபோது, மகன் பள்ளியிலிருக்கும் பகற்பொழுதில் தொலைக்காட்சியில் வரும் சதுரங்கப் புதிர்களை அவ்வம்மையார் குறித்து வைப்பார். மாலையில் தாயும் மகனும் கூடி அவற்றை விடுவிப்பர். பழைய மன்சூபா முறையே ஒரு தமிழன்னையின் கையில் மீண்டும் மலர்ந்தது எனலாம். 1988-இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டராகவும், 2000-இல் உலகச் சாம்பியனாகவும் உயர்ந்தார் ஆனந்த். 2024-இல் சென்னை இளைஞர் குகேஷ் தம் பதினெட்டாம் வயதில் உலகப் பட்டம் வென்றதை நாமெல்லாம் கண்டு களித்தோம்.

இவ்வெற்றிகளே பெற்றோர் சிலரை அவசரப்படுத்துகின்றன போலும். பரிசு வாராவிடினும் கணக்கில் மதிப்பெண் கூடும் என்று நம்புவோரும் உளர். இங்கிலாந்தில் 100 பள்ளிகளில் நடத்தப்பெற்று 2016-இல் வெளியான ஆய்வு, சதுரங்கம் கற்ற சிறாரின் கணித மதிப்பெண் அதனால் உயர்ந்ததாகக் காணவில்லை. ஆதலின், சதுரங்கத்தை அதன் பொருட்டே கற்பிப்போம். தோல்வியைக் கண்டு அஞ்சாது, “எங்கே பிழைத்தேன்?” என்று தன்னைத் தானே வினவும் பழக்கம் அமைந்தால், அதுவே போதிய பயன் அன்றோ?

இறுதியாக ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளல் நம் கடமை. அச்சிறுவனுக்கு நாம் ஆறு மாதமாகப் புகட்டியவை தொடக்க நகர்த்தல்களின் பட்டியல்கள். எதிரி பட்டியலை விட்டு விலகியதும் அவன் திகைத்தான். பிழை நம்முடையது. வரும் ஞாயிறு முதல் நம் வகுப்பின் பலகைகளில் இரண்டு அரசரும் ஒரு காலாளுமே நிற்கும். அச்சிறுவனின் நாற்காலியும் அவனுக்காகவே காத்திருக்கும். அவனுடைய தந்தையார் இம்மலரைக் காண நேரின், பரிசை எண்ணாது, மகனைக் கைப்பிடித்து அழைத்து வருமாறு அன்புடன் வேண்டுகின்றோம்.