காபிக்கு முந்தைய சாப்பாடு: துருக்கியின் காலை மேசையும் அதைச் சமைத்த பெண்களும்

கொஞ்சம் நீளமான த்ரெட். டீயோட உக்காந்து படிங்க மக்களே.

மார்ச் 8 வந்தால் துருக்கியின் பல ஊர்களில் நகராட்சிகளும் பெண்கள் சங்கங்களும் பெண்களுக்குக் காலை உணவு விருந்து வைப்பார்கள். வருஷம் முழுக்க வீட்டில் அந்த மேசையைப் பரப்புறவங்க, அன்னிக்கு ஒருநாள் உக்காந்து சாப்பிடுறாங்க.

காலை உணவுக்கு துருக்கியில் கஹ்வால்ட்டி என்று பெயர். கஹ்வே என்றால் காபி, ஆல்ட்டி என்றால் அதற்கு அடியில். காபி குடிக்கும் முன் வயிற்றில் போடுற சின்ன ஆகாரம், அவ்வளவுதான். ஒட்டோமான் காலத்தில் பொதுவாக இரண்டு வேளை சாப்பாடுதான், முற்பகலில் ஒன்று, மாலையில் ஒன்று. இன்னிக்கு நாம படத்தில் பாக்குற வெள்ளைச் சீஸ், ஆலிவ், தக்காளி, வெள்ளரி, தேனும் பாலாடையும், முட்டை, ரொட்டின்னு இருபது கிண்ணம் பரப்புவது பிற்காலத்துப் பழக்கம்.

பேரில் காபி இருக்கு, மேசையில் டீ இருக்கு. எப்படி?

காபி ஏமனிலிருந்து வந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு ஏமன் கையை விட்டுப் போனது. இறக்குமதிக்குக் காசு அழ வேண்டிய நிலைமை. 1924இல் கருங்கடல் ஓரத்து ரிஸே பகுதியில் தேயிலை வளர்க்க ஊக்கம் தரும் சட்டம் வந்தது. ஸிஹ்னி தெரின் என்ற வேளாண் அதிகாரி இதற்காக வருஷக்கணக்கில் உழைத்தார். 1947இல் ரிஸேயில் முதல் தேயிலை ஆலை. இன்னிக்கு தலைக்கு இவ்வளவு டீ என்று கணக்குப் போட்டால் உலகத்திலேயே முன்னணியில் நிற்பது துருக்கிதான். அந்தச் சரிவுகளில் இலை பறிக்கிறவர்களில் பெரும்பகுதி பெண்கள். விளம்பரத்தில் அவங்க சிரிப்பாங்க, முதுகில் இருக்கிற மூட்டையோட எடையை யாரும் சொல்றதில்ல.

சரி, சமையலுக்கு வருவோம். குடும்பக் காலை உணவின் நாயகன் மெனெமென். நீள பச்சைக் குடைமிளகாயை நறுக்கி எண்ணெயிலோ வெண்ணெயிலோ வதக்கி, தோல் நீக்கிய தக்காளியைப் போட்டு, தண்ணி சுண்டி குழம்புப் பதம் வந்ததும் முட்டையை உடைச்சு ஊத்தணும். முட்டை முழுக்க இறுகும் முன்னாடி அடுப்பை அணைச்சிடணும். சட்டியோட மேசைக்குப் போகும், ரொட்டியால தொட்டுச் சாப்பிடணும். நம்ம முட்டைப் பொரியல் மாதிரி உதிர்ந்துட்டா அது மெனெமென் இல்ல. வெங்காயம் போடலாமான்னு அங்க வீட்டுக்கு வீடு சண்டை. என் ஓட்டு: வேண்டாம்.

டீக்கு இரட்டை அடுக்குக் கெட்டில். கீழே தண்ணி கொதிக்கும், மேலே இலை கால் மணி நேரம் ஊறும். கண்ணாடி டம்ளரில் டிகாக்‌ஷன் ஊத்தி வெந்நீர் கலந்துக்கணும். பால் கிடையாது.

இப்ப எனக்குப் பிடிச்ச பகுதி. ஒரு டாக்டர்.

சஃபியே அலி. இஸ்தான்புல் மருத்துவக் கல்லூரி 1922 வரைக்கும் பெண்களைச் சேர்க்கல. அதனால ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் போய்ப் படிச்சார். திரும்பி வந்து 1923இல் இஸ்தான்புல்லில் கிளினிக் திறந்தார். துருக்கியின் முதல் பெண் மருத்துவர். தாய்ப்பால் கிடைக்காத குழந்தைகளுக்குச் சுத்தமான பால் தரும் ‘பால் துளி’ மையத்தை நடத்தினார். சிசு மரணம் மலிஞ்சிருந்த காலம் அது, கொதிக்க வைத்த பால் மருந்துக்குச் சமம். ஆண் டாக்டருக்குத் தர்ற ஃபீஸைத்தான் தனக்கும் தரணும்னு கறாரா நின்னார்னு சொல்வாங்க. 1952இல் ஜெர்மனியின் டோர்ட்மண்டில் இறந்தார்.

அதே 1923இல் நெஸிஹே முஹித்தின் பெண்களுக்குன்னு ஒரு கட்சி தொடங்கினார். ஓட்டுரிமையே இல்லாத பெண்களுக்குக் கட்சி எதுக்குன்னு அனுமதி மறுத்துட்டாங்க. கட்சி போய் 1924இல் சங்கம் ஆச்சு. 1930இல் நகராட்சித் தேர்தல் ஓட்டு, 1934இல் நாடாளுமன்ற ஓட்டு. 1935 தேர்தலில் 17 பெண்கள் ஜெயிச்சாங்க. அதில் எதிர்னே தொகுதியின் ஃபாத்மா மெமிக் ஒரு மருத்துவர்! அந்த ஏப்ரலில் இஸ்தான்புல்லில் உலகப் பெண்கள் மாநாடு நடந்தது. அடுத்த மாசமே, உரிமையெல்லாம் கிடைச்சாச்சு, இனி சங்கம் எதுக்குன்னு சொல்லி மூடிட்டாங்க. மாநாட்டுக்கு வந்த விருந்தாளிகள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பாங்களான்னே சந்தேகம்.

கடைசியா, ஒருத்தர் இன்பாக்ஸில் கேட்டதுக்குப் பதில்: ரத்தசோகை இருக்கிற பெண்கள் சாப்பாட்டோட சேர்த்து டீ குடிக்க வேண்டாம். டீயில் இருக்கிற டானின் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்க விடாது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிங்க. பிரஷர் இருக்கிறவங்க ஆலிவையும் உப்புச் சீஸையும் ரெண்டு துண்டோட நிறுத்திக்குங்க.