விலைபோகாத காணியும் விலைபோன சொல்லும்

நேயர்களே, மாடு விற்பவர் மாட்டின் பல்லைக் காட்டுவார். நெல் விற்பவர் ஒரு பிடி அள்ளி நமது உள்ளங்கையில் வைப்பார். காணி விற்பவருக்கு அந்த வசதி இல்லை. காணியைக் கையில் எடுத்துவந்து காட்ட முடியாதாகையால் அவர் சொல்லைத்தான் காட்டவேண்டியிருக்கிறது. எளிதில் விலைபோகாத காணி என்றால் சொல்லின் வேலை இரட்டிப்பாகிவிடும். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் அத்தகைய சொற்கள் எவ்வாறு வழங்கின, எவருக்கு உதவின, எவரை வீழ்த்தின என்பதே இன்றைய உரையின் பொருள்.

முதலில் சந்தையில் கேட்கும் சொற்களைப் பார்ப்போம். "வாவியோரம், நல்ல காற்றோட்டம்" என்று தரகர் சொன்னால், மார்கழி மாரியில் வெள்ளம் எதுவரை ஏறும் என்று கேட்பவரே அனுபவசாலி. "அமைதியான சூழல்" என்பது பாதை இன்னும் அங்கு வந்து சேரவில்லை என்பதன் மறுபெயராகவும் இருக்கலாம். "பங்குக் காணிதான், பிரச்சினை இல்லை" என்றால், எத்தனை பங்காளிகள் கையெழுத்து வைக்கவேண்டும் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். வாங்க வருபவரும் இலேசானவர் அல்லர். பள்ளக் காணி, உவர்க் காணி, தெருக்குத்து, வில்லங்கக் காணி என்று அவரும் தமது சொற்களை எடுத்து வைப்பார். விற்பவர் மெருகூட்டுவதும் வாங்குபவர் குறை சொல்வதும் பேரத்தின் இயல்பு. இருவரும் காணியின் அருகே நின்று பேசுகிறார்கள். பொய் சொன்னால் கண்ணால் கண்டு மறுக்கலாம்.

ஆனால் இவ்விருவருக்கும் அப்பால் மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் அரசு. அவர் வழங்கிய சொற்கள் பேரத்தோடு முடிந்துவிடவில்லை. அவை சட்டமாகிவிட்டன.

1840ஆம் ஆண்டைக் காணி வரலாற்றில் மறக்கமுடியாது. அவ்வாண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் எழுத்தில் அமைய வேண்டும் என்றது. வாய்ச்சொல்லால் கைமாறிய காலம் அத்துடன் முடிந்தது. அதே ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமோ, காடாகவும் தரிசாகவும் குடியேற்றமின்றியும் பயிர்செய்கையின்றியும் கிடக்கும் நிலம் யாவும், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியது என்று அனுமானித்தது. ஒரு சட்டம் எழுத்தைக் கேட்டது. மற்றது, உரிமையை நிரூபிக்க முடியாதவனின் நிலத்தை எடுத்துக்கொள்ள வழி செய்தது.

இதில் சேனைக்கு நேர்ந்த கதியைக் கவனிக்க வேண்டும். சேனைக்காரன் காட்டை வெட்டி எரித்துச் சில போகம் விதைப்பான். பிறகு மண் தேறும்வரை பல ஆண்டுகள் விட்டுவைத்து மீண்டும் அங்கே வருவான். அவனைப் பொறுத்தவரை அது ஓய்வெடுக்கும் நிலம். கண்டி இராச்சியத்துக்கு உட்பட்டிராத மாவட்டங்களில், இவ்வாறு இடைவிட்டுப் பயிரிடும் சேனைகளைக் காடு அல்லது தரிசு என்றே கொள்ளவேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. மட்டக்களப்பும் அதில் அடங்கியது. தமிழில் தரிசு என்றால் உழாமல் கிடக்கும் நிலம், அவ்வளவே. உடையவன் இல்லை என்ற பொருள் அச்சொல்லில் இல்லை. அந்தப் பொருளை ஏற்றியது சட்டம்.

வேடிக்கை என்னவென்றால், ஒருவருக்கும் உதவாதது என்று பெயர் சூட்டப்பட்ட நிலம் முடியின் கைக்கு வந்தவுடன் நல்ல சரக்காயிற்று. ஏக்கருக்கு ஐந்து ஷில்லிங் என்றிருந்த ஆரம்ப விலை 1844இல் இருபது ஷில்லிங்காக உயர்த்தப்பட்டது. அதே 1840களில் மட்டக்களப்புக் கரையோரத்தில் ஐரோப்பியரின் தென்னந்தோட்டங்கள் எழுந்தன. விலைபோகாத காணி விலைபோவதற்கு முன் அதன் பெயர் மாறவேண்டியிருந்தது.

விலைபோகாமை எல்லாம் தீங்கு என்று கருதிவிடலாகாது. மட்டக்களப்பில் முதிசம் என்ற சொல்லுக்குத் தனி மதிப்பு இருந்தது. முக்குவர் வழக்கில் முதிசச் சொத்து தாய்வழியே மருமக்களுக்கு இறங்கியது; ஒருவன் தானே தேடிய தேட்டத்துக்கு வேறு முறை. தன் மருமக்களுக்குப் போகவேண்டியதை ஒருவன் எளிதில் விற்றுவிட இயலுமா? 1876இல் சி. பிறிற்றோ இந்த முக்குவர் சட்டத்தை ஆங்கிலத்தில் நூலாக்கினார். அதே ஆண்டில் வந்த 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அவ்வழக்கின் சட்ட வலுவை முடித்து வைத்தது. ஆயினும் மகளுக்கு வீடும் வளவும் எழுதிக் கொடுக்கும் மரபு எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் நின்று நிலவுகிறது.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் இத்தகைய வேலியொன்றை எழுப்பியது. அனுமதிப் பத்திரத்தில் அரச காணி பெற்றவர் அதை நினைத்தபடி விற்கமுடியாது. கடன்காரனிடம் விவசாயி நிலத்தை இழந்துவிடக்கூடாது என்பது நோக்கம். அவசரத்துக்கு ஈடு வைக்கவும் வழியில்லாமற் போனது அதன் மறுபக்கம். பெர்மிட் காணி என்றவுடன் வாங்க வந்தவர் எழுந்துவிடுவது இதனாலேதான். அத்துடன், வாரிசு குறிக்கப்படாதவிடத்து ஆண்மக்களையே இச்சட்டம் முற்படுத்தியது. பெண் வழியே வளவு இறங்கிய மண்ணில் இது எவ்வளவு பொருந்தாதது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பாகுபாட்டை நீக்கும் திருத்தம் 2022இல்தான் வந்தது.

இனி யுத்த காலத்துக்கு வருவோம். எழுவான், படுவான் என்பன சூரியன் எழுவதையும் படுவதையும் கொண்டு எம் முன்னோர் இட்ட அழகிய பெயர்கள். 1990க்குப் பின் வாவி எல்லைக்கோடாயிற்று. ஒரு கரையில் அரச படை, மறுகரையில் பெரும்பாலும் புலிகள் இயக்கம். 2007வரை இந்நிலை நீடித்தது. படுவான்கரைக் காணி என்றால் விலை பேச ஆளில்லை. திசையைக் குறித்த சொல் விலையைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. இரு கரையிலும் உயிருக்கு அஞ்சி ஊரைவிட்டுப் போனவர்களின் நிலங்கள் பற்றைகளால் மூடுண்டன. அப்பொழுது புதிதாக ஒரு சொல் புழக்கத்துக்கு வந்தது: கைவிடப்பட்ட காணி.

இந்தச் சொல்லும் தரிசின் தங்கைதான். ஓடியவன் காணியைக் கைவிடவில்லை, உயிரைக் காத்துக்கொண்டான். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் காணியொன்றை உடையவருக்கு எதிராகப் பத்து ஆண்டுகள் இடையூறின்றி ஆண்டுவந்தால் உரிமை கோரலாம். 1990இல் போனவருக்கு 2000இலேயே பத்து ஆண்டுகள் கடந்துவிட்டன அல்லவா? இந்த அநீதியை உணர்ந்தே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயுதக் குழுக்களின் செயல்களால் தம் உரிமையை நாட முடியாதிருந்தவர்களுக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்கலாகாது என்றது அச்சட்டம். கைவிடுதல் வேறு, வெளியேற நேர்தல் வேறு என்பதைச் சட்டமே ஏற்றுக்கொள்ள இத்தனை காலம் எடுத்தது.

இடையில் 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணல்திட்டாகக் கிடக்கும் நாவலடி அழிந்தது. வடக்கு கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் மீண்டும் வீடு கட்டக்கூடாது என்று அறிவிக்கப்பட்டது. பின்னர் அது தளர்த்தப்பட்டபோதிலும், அதற்குள் நாவலடி மக்கள் பலர் திராய்மடுவில் குடியமர்ந்துவிட்டனர். "ஆபத்தான காணி" என்ற சொல் உண்மையே. ஆனால் அது யாருக்கு ஆபத்தானது? மீனவன் வீடு கட்ட ஆகாத கரை உல்லாச விடுதிக்கு மட்டும் ஆகுமா என்று அன்று மக்கள் கேட்ட கேள்வி நியாயமானதே.

2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின், படகுப் பாதைக்குக் காத்திருந்த படுவான்கரைப் பயணம் சில நிமிடங்களாகச் சுருங்கிவிட்டது. பாலம் வருமுன் "யாரும் வாங்காத காணி இது" என்ற சொல்லை நம்பி அற்ப விலைக்குக் கொடுத்தவருக்கும், பொறுத்திருந்தவருக்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்கவேண்டியதில்லை.

ஆகவே நேயர்களே, ஒரு காணி ஒருவருக்கும் வேண்டாதது என்று யாராவது சொன்னால் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். சொல்பவர் யார்? அவருக்குப் பின்னால் வாங்க நிற்பவர் யார்? நமது பழைய உறுதிகளை எடுத்துப் பாருங்கள். வடக்கே இன்னாரின் வளவு, தெற்கே இன்னாரின் வயல், மேற்கே வாய்க்கால், கிழக்கே வாவி என்று நான்கு எல்லைகளும் அயலவர் பெயரோடு எழுதப்பட்டிருக்கும். அந்த எழுத்தில் காணி தனியே கிடப்பதில்லை. மனிதருக்கு நடுவே இருக்கிறது. தரிசு என்ற சட்டச் சொல்லிலும் கைவிடப்பட்டது என்ற சொல்லிலும் எந்த மனிதரின் பெயரும் இல்லை. வீட்டு மூத்தவர்கள் இருக்கும்போதே, அந்த எல்லைகளில் வரும் பெயர்கள் யாருடையவை என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.