3சி 75

ஏபெல் 400 விண்மீன்திரள் கொத்தின் நடுவே, ஒன்றோடொன்று இணைந்துகொண்டிருக்கும் இரு நீள்வட்ட விண்மீன்திரள்களில் அமைந்த ரேடியோ மூலம். காணும் ஒளியில் அறியப்படும் பெயர் என்ஜிசி 1128. தொலைவு சுமார் 30 கோடி ஒளியாண்டுகள். காரைக்கால் அருகேயுள்ள குரும்பகரத்தில் மார்கழி மாதம் இரவு 9 மணியளவில் இது ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே வரும்; வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

இரு திரள்களின் மையத்திலும் தலா ஒரு பெருங்கருந்துளை உண்டு. இடைவெளி சுமார் 25,000 ஒளியாண்டுகள். ஒவ்வொன்றிலிருந்தும் எதிரெதிராக இரண்டு தாரைகள் பீறிடுகின்றன. காந்தப்புலத்தில் சுழலும் அதிவேக எலெக்ட்ரான்களே அவற்றின் ரேடியோ அலைகளுக்குக் காரணம். வியப்பு என்னவென்றால், நான்கு தாரைகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன, ஓடும் ரயிலின் புகை பின்னோக்கிச் சாய்வதுபோல. கொத்தை நிரப்பியுள்ள, கோடி பாகையைத் தாண்டிய வெப்ப வாயுவை இரண்டு கருந்துளைகளும் நொடிக்குச் சுமார் 1,200 கி.மீ. வேகத்தில் கிழித்துச் செல்வதால், எதிர்க்காற்று தாரைகளை வளைக்கிறது. இரண்டும் சேர்ந்தே நகர்வதால், அவை ஈர்ப்பால் பிணைந்த இணை என்று 2006ஆம் ஆண்டு ஆய்வு கருதியது. பார்வைக்கோட்டில் தற்செயலாக நெருங்கித் தெரியும் இரு திரள்கள் என்ற ஐயத்துக்குத் தாரைகளின் இந்த ஒரே பக்கச் சாய்வே வலுவான மறுப்பு.

அந்த வாயுவின் எக்ஸ் கதிர்களைப் பதிவுசெய்தது, தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரால் 1999இல் ஏவப்பட்ட சந்திரா விண்ணாய்வகம்.