ஏழு இருபது

சில ஆண்டுகளுக்கு முன்னால் நான் வேலை செய்த நிறுவனத்தில் பழைய பணியாளர் பட்டியலைப் புதிய மென்பொருளுக்கு மாற்றினார்கள். அடுத்த மாதமே பிறந்தநாள் வாழ்த்து மின்னஞ்சல்கள் ஒரு நாள் முன்னதாக வர ஆரம்பித்தன. எல்லோருக்கும் இல்லை. இளைஞர்களுக்குச் சரியாகவே வந்தது. நாற்பதை நெருங்கியவர்களுக்கும் தாண்டியவர்களுக்கும் மட்டும்தான் முதல் நாளே கேக் வெட்டச் சொன்னது கம்ப்யூட்டர். "வயசானவங்கள மட்டும் சீக்கிரம் அனுப்பி வைக்கப் பாக்குதுண்ணே" என்று பக்கத்து மேசைப் பையன் சிரித்தான். நான் 1978இல் பிறந்தவன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பட்டியலைப் பிறந்த தேதிப்படி வரிசைப்படுத்திப் பார்த்தபோது கோடு எங்கே விழுகிறது என்று தெரிந்தது. 1982 ஜனவரி 1. அதற்குப் பின் பிறந்தவர்கள் தப்பித்துவிட்டார்கள். அதற்கு முன் பிறந்த நாங்கள் எல்லோரும் ஒரு நாள் பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தோம்.

காரணம் எளிமையானது. பழைய மென்பொருள் பிறந்த தேதியை வெறும் தேதியாக வைக்காமல், அந்த நாளின் நள்ளிரவு 12 மணியாக வைத்திருந்தது. அதுவும் மலேசியா என்றால் கிரீன்விச்சுக்கு 8 மணி நேரம் முன்னால் என்ற ஒரே கணக்கில். புதிய மென்பொருளுக்கு வரலாறு தெரியும். 1978இல் இங்கே 8 மணி நேரம் இல்லை, ஏழரை மணி நேரம்தான் என்று அதற்குத் தெரியும். ஆகவே பழையது எழுதிவைத்த நள்ளிரவை அது முதல் நாள் இரவு 11.30 என்று படித்தது. அரை மணி நேரம்தான் வித்தியாசம். ஆனால் நள்ளிரவின் ஓரத்தில் நிற்கிறவனுக்கு அரை மணி நேரம் என்பது ஒரு முழு நாள்.

1981 டிசம்பர் 31 இரவு 11.30க்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் நேராக நள்ளிரவுக்குத் தாவின. அந்த ஆண்டின் கடைசி அரை மணி நேரத்தை இங்கே யாரும் வாழவில்லை. மகாதீர் பிரதமராகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. சபாவும் சரவாக்கும் ஏற்கெனவே 8 மணிக் கணக்கில் இருந்தன. ஒரே நாட்டுக்கு ஒரே நேரம் என்று முடிவானது. வியாபாரத்துக்கும் போக்குவரத்துக்கும் சிக்கல் வேண்டாம் என்று சிங்கப்பூரும் கூடவே தாவியது. பூமியில் நாம் இருக்கும் இடத்தைப் பார்த்தால் 7 மணி நேரம்தான் நமக்கு நியாயம். ஏழு மணிக்கும் வெளிச்சம் வராமல், பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நிற்பது இதனால்தான்.

இந்த வரலாறு கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? இதைத் தேடப் போய்த்தான் நான் மாட்டிக்கொண்டேன். உலகத்தின் நேர மாற்றங்களையெல்லாம் ஒரு கோப்பில் எழுதிவைத்திருக்கிறார்கள். 1980களில் அமெரிக்காவில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கியது. இப்போது பால் எக்கர்ட் பார்த்துக்கொள்கிறார். நம் கைபேசிகளும் பல கணினிகளும் இதைத்தான் கேட்கின்றன. ஏதாவது ஓர் அரசாங்கம் திடீரென்று நேரத்தை மாற்றினால், தன்னார்வலர்கள் செய்தியைச் சரிபார்த்து ஒரு வரி சேர்ப்பார்கள். அந்த வரி நம் கைபேசிக்கு வந்து சேராவிட்டால், நாட்காட்டியில் போட்டுவைத்த கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ போய் நிற்போம்.

அந்தக் கோப்பை ஒரு நாவல் மாதிரிப் படித்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நாடுகளின் அகங்காரம், போர், மின்வெட்டு எல்லாம் ஒற்றை ஒற்றை வரிகளாக இருக்கின்றன. நம்மவர்களுக்குப் பிடிக்காத செய்தி ஒன்றும் உண்டு. இப்போதைய கோப்பில் கோலாலம்பூருக்குத் தனி வரலாறு கிடையாது. 1970க்குப் பிறகு இரண்டு ஊர்க் கடிகாரங்களும் ஒன்றாகவே ஓடியதால், கோலாலம்பூர் என்று கேட்டால் சிங்கப்பூரைக் காட்டுகிறது. 1901க்கு முன்னால் இரண்டு ஊர்களுக்கும் எட்டரை நிமிடத்துக்குச் சற்று அதிகமாக வித்தியாசம் இருந்தது. அந்த எட்டரை நிமிடக் கோலாலம்பூர் இப்போது பழைய சாமான் அறைக்குப் போய்விட்டது.

அதைவிட என்னை நிறுத்தியது கொழும்பு வரி. 1996 மே மாதம் இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. மின்பற்றாக்குறை. அக்டோபரில் அரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2006 ஏப்ரலில் மறுபடியும் பழைய ஐந்தரைக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்திலேயே இருந்தன. சோதனைச் சாவடியைத் தாண்டினால் கடிகாரம் அரை மணி நேரம் மாறும். ஆனால் எந்த நாட்காட்டியிலும் வன்னிக்கு ஒரு வரி இல்லை. 2003இல் கிளிநொச்சியில் ஒரு குழந்தை காலை ஆறு மணிக்குப் பிறந்தது என்று ஒரு தாய் எழுதிவைத்திருந்தால், கம்ப்யூட்டர் அதைக் கொழும்பின் ஆறு மணியாகத்தான் படிக்கும்.

அந்த இடத்தில்தான் எனக்கு எங்கள் வீட்டு நோட்டுப் புத்தகம் ஞாபகம் வந்தது.

தாத்தா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணி. சம்பளப் பட்டியல் எழுதிய கை. அவருடைய நோட்டில் பிள்ளைகள் பிறந்த நாள், நேரம் எல்லாம் அழகான கையெழுத்தில் இருக்கும். அத்தை பிறந்ததை இப்படி எழுதியிருந்தார்: சுபானு வருஷம் ஆடி மாசம், 23-7-43 வெள்ளிக்கிழமை, காலை மணி 7.20. ஓரத்தில் பென்சிலில் 2603 என்று ஓர் எண். அதைக் கூலிக்கணக்கு எண் என்றே அப்பா கடைசிவரை நினைத்தார்.

அந்த வருடக் கடைசியில் தாத்தாவை ஜப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோனான். கூலிகளுக்குக் கணக்கு எழுத ஒரு ஆள் வேண்டும் என்றார்களாம். திரும்பி வரவில்லை. நோட்டு மட்டும் இருந்தது.

1964இல் அத்தைக்கு ஈப்போவிலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. ஜாதகம் நோட்டைப் பார்த்து எழுதியது. மாப்பிள்ளை வீட்டுக் கிழவி சாமர்த்தியசாலி. பேச்சுவாக்கில் பாட்டியிடம், "புள்ள எந்நேரத்துல பொறந்தா?" என்று கேட்டிருக்கிறார். பாட்டி உள்ளதைச் சொன்னார்: "வெள்ளி முளைக்கிற நேரம். வியாழக்கெழம ராத்திரிதான். கும்மிருட்டு. மருத்துவச்சி மண்ணெண்ண வெளக்கப் புடிச்சிக்கிட்டு நின்னா."

ஜாதகத்தில் வெள்ளிக்கிழமை. காலை 7.20. அன்றைய மலாயா நேரத்துக்கு ஜூலை மாதத்தில் 6.40க்கெல்லாம் சூரியன் வந்துவிடும். 7.20 என்றால் முற்றத்தில் வெயில். ஏதோ தோஷத்தை மறைக்க நேரத்தைத் திருத்தியிருக்கிறார்கள் என்று அவர்கள் முடிவுகட்டினார்கள். சம்பந்தம் நின்றது. சின்ன ஊர், பேச்சு பரவியது. அத்தை தையல் கற்றுக்கொண்டார். கடைசிவரை கல்யாணம் ஆகவில்லை.

வீட்டுக்குள் நடந்தது இன்னும் மோசம். அத்தை இரண்டு பேரையும் நம்பவில்லை. ஒன்று, முகமே ஞாபகமில்லாத அப்பா பொய் எழுதியிருக்க வேண்டும். இல்லை, அம்மா வாய்தவறி உளறியிருக்க வேண்டும். "எனக்கு மணியாடி தெரியும்? கோழி கூவுறதுதான் தெரியும். அன்னைக்குக் கோழி கூவல" என்று பாட்டி சாகும்வரை ஒரே வார்த்தையைச் சொன்னார். அந்தச் சண்டையைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன்.

கோப்பில் சிங்கப்பூர் வரிகளை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு போனேன். 1905இல் 7 மணி நேரம் என்று முழுதாக்கினார்கள். 1933இல் 20 நிமிடம் கூட்டினார்கள். அலுவலகம் முடிந்து துரைமார்களுக்கு விளையாட வெளிச்சம் வேண்டுமே. ரப்பர் மரத்துக்கு இதெல்லாம் தெரியாது. விடியலுக்கு முந்தைய குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும். எனவே பெரட்டுக்குக் கூப்பிடுகிற நேரம் கடிகாரத்தில் எதுவாக இருந்தாலும், பால்வெட்டுக்காரர்களுக்கு அது இருட்டுதான். 1941 செப்டம்பரில் இன்னும் 10 நிமிடம் கூட்டி ஏழரை ஆனது. அடுத்த வரி: 1942 பிப்ரவரி 16. சிங்கப்பூர் விழுந்த மறுநாள். ஒன்பது மணி நேரம்.

தோக்கியோ நேரம்! வெள்ளைக்காரன் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி, மலாயாவையும் சிங்கப்பூரையும் ஜப்பானோடு சேர்த்து எழுப்பியிருக்கிறார்கள். 1945 செப்டம்பர் 12, சரணடைந்த நாள்வரை இதே நேரம். ஆண்டுக்கணக்கையும் விடவில்லை. ஜப்பானியச் சக்கரவர்த்தி ஆண்டில்தான் தாள்கள் எழுதப்பட்டன. 1942 என்பது 2602. 1943 என்பது 2603.

பென்சிலில் எழுதிய 2603.

தாத்தா புது எசமானின் கணக்குப்படி எழுதுகிற கிராணி. ஆபீஸ் கடிகாரம் தோக்கியோவைக் காட்டியது, அவர் அதைப் பார்த்து 7.20 என்று எழுதினார். சுங்கை சிப்புட்டில் அன்று தோக்கியோ நேரப்படி சூரியன் உதித்தது 8.10க்குமேல். 7.20 என்பது உதயத்துக்கு ஐம்பது நிமிடம் முன்னால். கும்மிருட்டு. ஆங்கிலக் கணக்குக்கு நள்ளிரவு தாண்டிவிட்டதால் வெள்ளிக்கிழமை. சூரியன் வந்தால்தான் மறுநாள் என்கிற நம் கணக்குக்கு இன்னும் வியாழன். பாட்டி சொன்னதும் சரி, தாத்தா எழுதியதும் சரி.

1964இல் இது யாருக்குமே தோன்றவில்லையா என்று வெகுநேரம் யோசித்தேன். இருபது வருடம்தான் ஆகியிருந்தது. தோக்கியோ நேரத்தில் எழுந்து, தோக்கியோ நேரத்தில் வரிசையில் நின்ற எத்தனையோ பேர் அந்தக் கல்யாணப் பேச்சில் உட்கார்ந்திருப்பார்கள். மரவள்ளிக்கிழங்கையும் அடியையும் பற்றிச் சொல்கிறவர்கள் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. பசித்த வயிற்றுக்கு மணி எதற்கு என்று விட்டிருக்கலாம்.

சரிபார்க்க இரண்டு ஜாதகச் செயலிகளில் தாத்தாவின் குறிப்பைக் கொடுத்தேன். முதலாவது, மலேசியா என்றதும் கண்ணை மூடிக்கொண்டு 8 மணி நேரத்தைப் போட்டது. அதன்படி சூரியன் வந்து ஒன்பது நிமிடம் ஆகிவிட்டது, வெள்ளிக்கிழமை என்றது. இரண்டாவது செயலி ஊரையும் தேதியையும் வாங்கிக்கொண்டு வரலாற்றைத் தேடியது. உதயத்துக்கு முன், வியாழன். ஒரு லக்னம் சுமார் இரண்டு மணி நேரம்தான் நிற்கும், ஒரு மணி நேரம் பிசகினால் ஜாதகமே வேறு ஆளுடையதாகலாம். எனக்கு ஜோசியத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அதை நம்பியவர்கள் கொடுத்த விலையை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். 1982க்கு முன் பிறந்த அம்மா அப்பாவின் ஜாதகத்தைச் செயலியில் போடுகிறவர்கள், அது ஏழரையை எடுக்கிறதா எட்டை எடுக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

2023 ஜூலையில் அத்தைக்கு எண்பது. ஈப்போவுக்குப் போய் நோட்டையும் கைபேசியையும் பக்கத்தில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பென்சில் எழுத்தைத் தடவிப் பார்த்தார். நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மாகிட்ட நான் ரொம்பப் பேசிட்டேன்டா" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

சாப்பிட்ட பிறகு, "என் போன்ல அந்த நேரத்தப் போட்டு வையி, வருஷா வருஷம் அடிக்கட்டும்" என்றார். 7.20 என்று போடப்போன கையை நிறுத்தினேன். வருடம்தோறும் திரும்பும் நினைவூட்டலுக்கு நாட்காட்டி சூரியனைப் பார்ப்பதில்லை, சுவர்க்கடிகாரத்தைத்தான் பார்க்கும். இன்றைய 7.20க்கு அடித்தால் வெயில் வந்திருக்கும். 6.20 என்று போட்டேன். "அப்பா எழுதுனது ஏழு இருபதுல்ல?" என்றார். விளக்கினேன். தலையாட்டினார், புரிந்ததா என்று தெரியவில்லை.

23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். உள்ளே அத்தையின் கைபேசி அடித்தது. அவர் எழுந்து, விளக்கைப் போடாமல் வாசற்கதவைத் திறந்து நிற்பது கேட்டது. எதிர்வீட்டு மாமரம்கூட இன்னும் தெரியவில்லை.

"இருட்டாத்தான் இருக்கு" என்றார்.